கட்டக்காரர்

"நான் ஜோசியம் பார்க்கிறதில்ல சார். என்னை நானே பார்த்துக்கறேன், அவ்வளவுதான்."

கட்டக்காரர் புதிதாக அறிமுகமாகிறவரிடம் சொல்லும் முதல் வாசகம் இது. சொன்ன வாய் மூடுமுன் உங்கள் பிறந்த நேரத்தைக் கேட்டுவிடுவார்.

தொழில்முறை ஜோசியர் வேறு ஜாதி. அவருக்கு வாசலில் போர்டு உண்டு, தட்சிணை உண்டு, கையோடு ஒரு பரிகாரமும் உண்டு. கட்டக்காரர் பத்து பைசா வாங்க மாட்டார். எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டால், "அது நமக்கெதுக்கு?" என்று கும்பிடு போட்டுவிடுவார். அவர் அக்கறையெல்லாம் நடந்து முடிந்ததன் பேரில்தான். நேற்று ஏன் கோபம் வந்தது, போன வாரம் குடையை ஏன் பஸ்ஸில் விட்டோம், இருபது வருஷத்துக்கு முன்னால் துறைத் தேர்வில் ஏன் கோட்டை விட்டோம். இதற்கெல்லாம் அவரிடம் விடை உண்டு. கிரகம் தவிர வேறு விடை இராது.

பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவராக இருப்பார். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது நாலு ஜோசியர்கள் நாலு விதமாகச் சொன்னதில் எரிச்சலாகி, "இதென்ன பெரிய வித்தை, நாமே படிச்சிடலாம்" என்று இறங்கியவர். பெண் தானே ஒரு பையனைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். படிப்பு மட்டும் நிற்கவில்லை.

எங்கள் கணக்குப் பிரிவில் எனக்கு எதிர் மேஜைக்காரர் இந்த ரகம். அவர் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் 28-ஆம் நம்பர் பாம்புப் பஞ்சாங்கமும் ஒரு நீள நோட்டும் இருக்கும். நோட்டில் பக்கத்துக்கு ஒரு கட்டம், ஸ்கேல் வைத்துப் போட்டது. மேலே இடது மூலையில் மீனம், அடுத்தது மேஷம், அப்படியே வலம் சுற்றிப் பன்னிரண்டு வீடு. வக்கிர கிரகத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு 'வ'. டெஸ்பாட்ச் கிளார்க்கிலிருந்து டீக்கடைப் பையன் வரை எல்லோரும் அதில் ஆளுக்கொரு பக்கமாகக் குடியிருக்கிறோம். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஜகந்நாத ஹோரா. அது இலவச மென்பொருள் என்பதைத் தவறாமல் சொல்லுவார்.

எல்லோர் கட்டத்தையும் அலசுகிறவருக்குத் தன் கட்டத்தில்தான் சிக்கல். அவர் பிறந்தது புரட்டாசி முதல் தேதி விடியற்காலை. நேரம் கேட்டதற்கு அவருடைய அம்மா சொன்ன ஒரே தகவல், "பால்காரன் வந்துட்டுப் போனான்டா, உடனே நீ பொறந்தே" என்பது. லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். அன்றைக்குச் சூரியன் உதிக்குமுன் பால்காரர் வந்திருந்தால் இவர் சிம்ம லக்னம். உதித்த பிறகு வந்திருந்தால் கன்னி லக்னம். பால்காரர் காலமாகி வெகு நாளாகிறது.

இன்னொருவராக இருந்தால் இடிந்துபோயிருப்பார். இவரோ இரண்டு லக்னத்தையும் வைத்துக்கொண்டார். ராசி கடகம், அதில் சந்தேகமில்லை. சிம்மத்திலிருந்து எண்ணினால் சந்திரன் பன்னிரண்டில், அதாவது விரயத்தில். கன்னியிலிருந்து எண்ணினால் பதினொன்றில், லாபத்தில். எனவே அரியர்ஸ் வந்தால் அவர் கன்னி லக்னம். மாப்பிள்ளைக்குத் தலை தீபாவளிக்கு மோதிரம் போட்ட மாதம் முழுக்கச் சிம்ம லக்னம்.

போதாததற்குப் பஞ்சாங்கமும் இரண்டு. திருக்கணிதப்படி சனி கும்பத்துக்கு வந்தது 2023 ஜனவரி 17. திருநள்ளாற்றில் வாக்கியப்படி சனிப்பெயர்ச்சி கொண்டாடியது 2023 டிசம்பர் 20. கும்பம் கடக ராசிக்கு எட்டாம் வீடு, அஷ்டமச் சனி. அது விலகுவதிலும் இதே இழுபறிதான்: திருக்கணிதத்துக்கு 2025 மார்ச் 29, வாக்கியத்துக்கு 2026 மார்ச். இடைப்பட்ட அந்தப் பதினோரு மாதமும் எதிர் மேஜையில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். ஏப்ரலில் சர்க்கரை அளவு குறைந்ததும், "திருக்கணிதம்தான் சார் சரி, சனி போயாச்சு" என்றார். ஆகஸ்டில் தணிக்கைக்காரர்கள் அவர் ஃபைலில் ஒரு கூட்டல் பிழையைப் பிடித்தார்கள். "வாக்கியம் பொய்யாகுமா? இன்னும் எட்டுலதான் இருக்கான்."

இந்த இடத்தில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். தன்னைத் தெரிந்துகொள்ளத்தான் அவர் படிக்கத் தொடங்கினார், அதில் கள்ளமில்லை. ஆனால் கணக்குப் பிரிவுப் புத்தி போகுமா? வரவையெல்லாம் தன் பெயரிலும் செலவையெல்லாம் நவக்கிரகங்கள் பெயரிலும் எழுதி ஐந்தொகையைச் சரிக்கட்டிவிட்டார். ஒரு பைசா இடிக்காது.

சந்திராஷ்டமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சந்திரன் ஒரு ராசியில் இருப்பது சுமார் இரண்டேகால் நாள். சுற்றிச் சுற்றி எட்டாம் இடத்துக்கு ஆண்டில் பதின்மூன்று தடவை வந்துவிடும். ஆக வருஷத்தில் ஏறக்குறைய முப்பது நாள் அவர் முக்கிய முடிவெடுக்க மாட்டார். அரசாங்கம் தரும் தற்செயல் விடுப்போ பன்னிரண்டு நாள். பாக்கி நாளில் ஆள் வருவார், கையெழுத்து வராது. பில் தேங்கிவிட்டதே என்று யாராவது வந்து நின்றால், "வியாழக்கிழமை காலைல பத்தே காலுக்கு மேல வாங்க" என்பார். என்னவோ பெரிய இடத்து உத்தரவு என்று நினைத்து அவர்களும் போய்விடுவார்கள்.

யோகங்கள் விஷயத்தில் மனிதர் கறாராக இருந்தால் நன்றாயிருக்கும். தனக்குக் கஜகேசரி யோகம் என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். சந்திரனுக்கு 1, 4, 7, 10 ஆகிய இடங்களில் குரு இருந்தால் கஜகேசரி. பன்னிரண்டில் நாலு. அப்படியானால் தாம்பரம் லோக்கலில் தொங்கிக்கொண்டு வருகிறவர்களில் மூன்றில் ஒருவர் கஜகேசரிக்காரர். சூரியனோடு புதன் சேர்ந்தால் புதாதித்ய யோகம். புதன் சூரியனை விட்டு 28 டிகிரிக்கு மேல் ஒருபோதும் விலகாது என்பதால், பக்கத்துத் தெரு நாய்க்குட்டிக்கும் அது இருக்க நிறைய வாய்ப்புண்டு. இதை நான் சொன்ன அன்று அவர் டீ வாங்கித் தரவில்லை.

இன்னொரு நாள் ஃபோரர் கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் 1948-இல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். உங்கள் தனித்தனிக் குணநலன் இது என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே குறிப்பு. பெரும்பாலான வரிகள் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

கட்டக்காரர் அசரவில்லை. "முப்பத்தொன்பது பேருக்கும் ஒரே நேரத்துல தாள் குடுத்தாரா?"

"ஆமாம்."

"அப்ப பிரசன்ன லக்னம் எல்லாருக்கும் ஒண்ணுதானே சார். பலனும் ஒண்ணாத்தான் வரும். அவர் பேராசிரியர் இல்ல, நம்ம ஆளு!"

இப்படிப்பட்டவரிடம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, தான் ஒரு ஸ்கார்ப்பியோ என்று பெருமையாகச் சொல்லி மாட்டிக்கொண்டாள். அக்டோபர் கடைசியில் பிறந்தவளாம்.

"அது வெள்ளைக்காரன் கணக்கும்மா. நமக்கும் அவங்களுக்கும் இருபத்து நாலு டிகிரி வித்தியாசம். நீ ஐப்பசில பொறந்தவ. உன் சூரியன் துலாத்துல நீசம்."

"நீசம்னா என்ன சார்?"

அவர் விளக்கினார். அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. பார்க்கப் பொறுக்காமல் நோட்டைப் பிரித்து, அரை மணி நேரம் கட்டம் போட்டு, நீசபங்க ராஜயோகம் ஒன்றைத் தோண்டியெடுத்துக் கொடுத்த பிறகுதான் சாப்பிடப் போனார். ஒருவரையும் வாடவிட்டு எழுந்துபோக மனசு வராது அவருக்கு. எங்கள் ஆபீசில் யாருக்குப் பிறந்தநாள், யார் வீட்டில் பிரச்சினை, யார் மனசு சரியில்லை என்பதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். கட்டத்தைச் சாக்கிட்டு ஜனங்கள் அவரிடம் மனம்விட்டுப் பேசுகிறார்கள். அவரும் காதைக் கொடுக்கிறார், கிரகத்தின் பெயரால்.

ஆனால் வீட்டில் இந்தச் செல்வாக்கு செல்லாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, காபியில் சர்க்கரை தூக்கல் என்று மனைவியிடம் சத்தம் போட்டுவிட்டு, நான் இருப்பது நினைவுக்கு வந்ததும் சமாளித்தார்.

"நான் பேசலம்மா. சிம்ம லக்னப்படி எனக்கு ரெண்டுல செவ்வாய். அது வாக்கு ஸ்தானம். அவன்தான் பேசறான்."

"பத்துக்கு எட்டுப் பொருத்தம்னு சொல்லித்தானே எங்கப்பா கட்டிக் குடுத்தாரு? அப்ப அவன் எங்க போயிருந்தான்?"

"அது நட்சத்திரப் பொருத்தம், இது கட்டம்." பிறகு என் பக்கம் திரும்பி, "இவளுக்கு சந்திரனோட சனி சேர்ந்திருக்கான் சார். அதான் இவ்வளவு பொறுமை" என்றார்.

அந்த அம்மாள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னார்: "சனி சேர்ந்ததால இல்லீங்க. உங்களோட சேர்ந்ததால."

கட்டக்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே செல்போனை எடுத்து அந்த நிமிஷத்துக்கு எந்த லக்னம் ஓடுகிறது என்று பார்த்தார்.

உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். பிறந்த நேரம் கேட்டால், தெரியாது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். நீங்கள் "தெரியாது" என்று சொன்ன நேரத்தையே லக்னமாக வைத்துக் கட்டம் போட்டுவிடுவார்.