மன்னார்புரத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வீடு மாற்றுதலும், அதற்கு முன் யாரும் கேட்காத கேள்வியும்: ஓர் ஆய்வு

வீடு மாற்றுகிறவர்கள் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரரிடம் கேட்கும் கேள்விகள் இரண்டே. "எவ்வளவு ஆகும்?", "எப்ப வருவீங்க?" முதல் கேள்விக்கு "பாத்துப் பண்ணிக்கலாம் சார்" என்றும், இரண்டாவதற்கு "இதோ கெளம்பிட்டோம் சார்" என்றும் பதில் வரும். இரண்டிலும் தகவல் என்று எதுவும் இல்லை. முந்தைய ஆய்வாளர்கள் இதைக் கவனிக்காமல் விட்டதற்குக் காரணம், இந்தத் துறையில் முந்தைய ஆய்வாளர் என்று யாரும் இல்லாததே. அக்குறையைக் களைவது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம் மன்னார்புரம். டிவிஎஸ் டோல்கேட் பக்கமிருந்து வரும் சாலை மதுரைப் பக்கமும் ஜங்ஷன் பக்கமும் பிரிகிற இடம். மெத்தையும் பிளாஸ்டிக் குடமும் கட்டிய வண்டிகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆராயலாம். டீக்கடை பெஞ்சைத் தவிர வேறு ஆய்வுக்கருவி தேவைப்படவில்லை. பக்கத்திலேயே பொன்மலை ரயில்வே. மாற்றல் உத்தரவு வாங்கியவர்களுக்கும் வாடகை உயர்த்தப்பட்டவர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை.

திருச்சியே இடம் மாறிப் பழகிய ஊர்தான். பொன்மலைப் பணிமனை 1920-களில் நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து வந்தது. வெளியூர் பஸ்கள் 2025-இல் பஞ்சப்பூருக்குக் குடிபோயின. எதிர்ச்சான்றும் உண்டு: காந்தி மார்க்கெட் வியாபாரிகளுக்கென்று கள்ளிக்குடியில் வளாகம் கட்டி 2017-இல் திறந்தார்கள், வியாபாரிகள் நகரவில்லை. வீடு தயார், குடிவர ஆளில்லை என்ற இந்த வகை தனி ஆய்வுக்கு உரியது என்பதால் இங்கே விட்டுவிடுகிறோம்.

நமது கருதுகோள் எளியது. ஜனங்கள் கேட்பதெல்லாம் ஏற்றுமுனைக் கேள்விகள். கஷ்டங்கள் எல்லாம் நடப்பது இறக்குமுனையில். "யார் இறக்குவார்கள், எங்கே இறக்குவார்கள், யார் கையில் ஒப்படைப்பார்கள்?" என்று கேட்டவரை மன்னார்புரத்தில் இதுவரை காணக் கிடைக்கவில்லை.

முதலில் களத்தரவு. சாமான் பார்த்து விலை சொல்ல வருகிற தம்பி ஹாலில் நின்று செல்போனில் நாலு படம் எடுப்பார். பீரோவைக் கையால் ஒரு தட்டு தட்டி, அது மரமா இரும்பா என்று முடிவு செய்வார். பிறகு அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க உரையாடல்:

"பரண்ல எதாச்சும் இருக்காம்மா?"

"ஒண்ணுமில்ல தம்பி. சும்மா பழைய சாமான்."

குடிபோகும் நாளில் அந்த 'சும்மா' கீழே இறங்கத் தொடங்கும். இரண்டு பித்தளை அண்டா, தையல் மெஷின், ஊஞ்சல் பலகை, கால் மட்டும் இருக்கும் மேஜை, மேஜை இல்லாத கால், அம்மி, அதன் குழவி, யாருடையது என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லாத ஒரு டிரங்குப் பெட்டி. 2005-இல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்து நம் ஊரில் குட்டியானை என்று பெயர் வாங்கியபோது, அதன் சுமைத்திறன் முக்கால் டன் அளவுதான். அதை வடிவமைத்தவர்கள் தமிழர் வீட்டுப் பரணைக் கணக்கில் கொள்ளவில்லை. "குட்டியானைல கொள்ளாதும்மா, தோஸ்த் சொல்லணும்" என்பார் தம்பி. ரேட் ஏறும். ஏமாற்றிவிட்டான் என்று வீட்டுக்காரர் சொல்வார். நடுநிலையோடு பார்த்தால் முதல் பொய் யாருடையது என்பது விளங்கும். விலைக்கும் சாமானுக்கும் இடையே நிலவும் இந்தத் தீராத வித்தியாசத்துக்குப் 'பரண் மாறிலி' என்று பெயரிடுகிறோம்.

சொன்ன விலைக்குள் எது அடக்கம் என்பது அடுத்த சிக்கல். கட்டுக்கூலி, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, மாடிக்கூலி, ஏசி கழற்றி மாட்டும் கூலி என்று ஐந்து கூலிகளும் தனித்தனிப் பிறவிகள். ஒன்றைப் பேசினால் மற்றவை சேர்ந்துவரும் என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை. பில்லில் 'ஈ-வே பில் செலவு' என்று ஒரு வரி இருந்தால் நின்று கேட்கலாம். சொந்த உபயோகத்தில் இருந்த வீட்டுச் சாமானுக்கு ஜிஎஸ்டி விதிகள் அந்த பில்லே கேட்பதில்லை. 'இன்சூரன்ஸ்' என்று ஒரு வரி இருந்தால், காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி கைக்கு வருமா என்று கேட்கலாம். கேட்டதும் பேச்சு வெயிலைப் பற்றித் திரும்பும்.

இனி வரலாற்றுச் சான்றுகள். இறக்குமுனைக் கேள்வி கேட்காததால் விளைந்த மிகப் பழைய இழப்பு திருச்சியிலேயே நிகழ்ந்திருக்கிறது. அனுப்புநர் ராமர். பெறுநர் விபீஷணர். சரக்கு ரங்க விமானம். ஏற்றிய இடம் அயோத்தி, சேர வேண்டிய இடம் இலங்கை. நிபந்தனை ஒன்றே ஒன்று: வழியில் தரையில் வைக்கக் கூடாது. காவிரிக் கரையில் சந்தியாவந்தனத்துக்கு நேரமாகிவிட, விபீஷணர் அங்கே நின்றிருந்த ஒரு சிறுவனிடம் சரக்கைக் கொடுத்துவிட்டு ஆற்றில் இறங்கினார் என்பது ஊர் வழக்கு. எழுத்து இல்லை, ரசீது இல்லை, பையன் யார் என்ற விசாரணையும் இல்லை. இன்றைய தொழில் மொழியில் இது துணை ஒப்பந்தம். பையன் கீழே வைத்தான், விமானம் பெயரவில்லை. துரத்திக்கொண்டு போனால் பையன் மலைக்கோட்டை உச்சியில் பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார். விபீஷணர் தலையில் ஒரு குட்டு வைத்தார் என்றும் சொல்வார்கள். வாடிக்கையாளர் ஒருவரின் புகார் நேரடியாகப் பதிவு செய்யப்பட்டதற்கு நமக்குத் தெரிந்த முதல் சான்று இதுவே.

தீர்வு எப்படி அமைந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. சரக்கு விடுவிக்கப்படவில்லை, மாறாக, பெறுநரின் முகவரியை நோக்கி, தெற்குப் பார்த்து வைக்கப்பட்டது. இதைவிட மரியாதையான தீர்வு எந்த நுகர்வோர் ஆணையத்திலும் கிடைக்காது. ஆனாலும் விபீஷணர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது: "வழியில வண்டி மாத்துவீங்களா?" மன்னார்புரத்தில் குட்டியானையில் ஏறும் சாமான், வெளியூர் போவதானால், ஏதோ ஒரு குடோனில் இறங்கி, இன்னும் மூன்று குடும்பங்களின் சாமானோடு பெரிய லாரியில் ஏறுவது சகஜம். பார்ட் லோடு என்பார்கள். விலை குறையும், கை மாறும் எண்ணிக்கை கூடும். தவறில்லை, ஆனால் பையன் யார் என்று தெரிந்துகொண்டு கொடுப்பது நல்லது.

இரண்டாவது சான்று இதற்கு நேர் எதிர். 1323-இல் உலூக் கானின் டெல்லிப் படை ஸ்ரீரங்கத்தை நெருங்கியபோது, மூலவருக்கு முன் கல்சுவர் எழுப்பிவிட்டு, உற்சவரைப் பல்லக்கில் எடுத்துக்கொண்டு பிள்ளை லோகாசாரியர் தெற்கே கிளம்பினார். (அந்த உலூக் கான்தான் பின்னாளில் முகமது பின் துக்ளக், டெல்லியையே தௌலதாபாத்துக்கு வீடு மாற்றச் சொன்னவர். பிறரை இடம்பெயர்ப்பதில் அவருக்கு ஆரம்பத்திலேயே ஒரு ருசி இருந்திருக்கிறது.) வயது முதிர்ந்த ஆசாரியர் மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் பரமபதித்தார். பெருமாள் பல ஊர் சுற்றி, திருமலையில் இருந்து, கடைசியில் செஞ்சியிலிருந்த கோபணாரியனின் முயற்சியால் 1371-இல் ஸ்ரீரங்கம் திரும்பினார். டெலிவரிக்கு 48 ஆண்டுகள். தாமதத்துக்கு யாரும் வருத்தம் தெரிவித்ததாகப் பதிவில்லை. தூக்கிச் சென்றவர்களில் ஒருவரும் வழியில் அதிகப் பணம் கேட்டதாகவும் பதிவில்லை.

ஆய்வுக்கு இன்றியமையாதது அதன் பிறகு நடந்தது. இடைக்காலத்தில் கோயிலில் வேறொரு உற்சவரை எழுந்தருளச் செய்திருந்தார்கள். திரும்பி வந்தவர்தான் பழையவரா? பார்த்தவர்கள் யாரும் மிச்சமில்லை. பெருமாளின் ஆடைகளைத் துவைத்துவந்த, பார்வை போன ஒரு முதிய ஈரங்கொல்லி (வண்ணார்), பெருமாளின் ஈர ஆடையைப் பிழிந்த ஈரவாடைத் தீர்த்தத்தைக் கொண்டு "இவரே நம்பெருமாள்" என்று அடையாளம் சொன்னதாகவும், அந்தப் பெயரே நிலைத்ததாகவும் கோயில் மரபு. இறக்குமுனைக் கேள்விக்கு இதைவிடச் சிறந்த விடை கிடையாது. சரக்கு வந்து சேரும் இடத்தில், அதை அடையாளம் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும். நம் வீடுகளில் அந்த நேரத்தில் நிற்பவர் யார்? வீட்டுக்காரர் பழைய வீட்டு ஓனரிடம் அட்வான்ஸ் வாங்கப் போயிருப்பார். வீட்டம்மா பால் காய்ச்ச அடுப்பைத் தேடிக்கொண்டிருப்பார். சிலிண்டரை வண்டிக்காரர் ஏற்ற மாட்டேன் என்றிருப்பார். வாசலில் நின்று "இதை எங்கண்ணே வைக்கிறது?" என்பதற்குப் பதில் சொல்பவர், அந்த வீட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கும் மச்சான்.

ஸ்ரீரங்கத்துக்கே உரிய கேள்விகளும் சில உண்டு. தைத்தேர் உத்தர வீதிகளில் ஓடும். சித்திரைத் தேர் சித்திரை வீதிகளில். பஞ்சாங்கத்தில் முகூர்த்தம் பார்ப்பவர்கள் தேர் பார்ப்பதில்லை; தேருக்கு எதிரே குட்டியானை போகாது. பாலத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். 1976-இல் கட்டிய காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க 2022 நவம்பரில் மூடி, 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த மாதங்களில் சத்திரத்திலிருந்து கண்ணுக்கெதிரே தெரிந்த மாம்பழச் சாலைக்கு, வண்டி பைபாஸ் சுற்றிப் போனது. கிலோமீட்டர் கணக்கில் பேசாமல் மொத்தமாகப் பேசியவர்கள் அன்றைக்குத் தப்பித்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், ரசீது கொடுத்துச் சரக்கு ஏற்றும் நிறுவனங்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. பதிவு எண் கேட்பது நம் உரிமை. சாமான் உடைந்தாலோ தொலைந்தாலோ, கூடுதல் கட்டணம் கட்டித் தனியாக ஒப்புக்கொண்டிருந்தாலொழிய, அவர்களின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கோடு நின்றுவிடும்; அதுவும் நாம் எழுதிக்கொடுத்த மதிப்பைத் தாண்டாது. இங்கேதான் நம்மவர் மாட்டிக்கொள்கிறார். பேரம் பேசும்போது அந்த ஃப்ரிட்ஜ் எட்டு வருடப் பழசு. கதவு ஒடுங்கியதும் போன தீபாவளிக்கு வாங்கியது. எழுதிக்கொடுத்த தாளோ முதல் ஃப்ரிட்ஜை மட்டுமே அறியும். தெருமுனையில் நிற்கும் குட்டியானைக்காரரிடம் இந்தத் தாளும் கிடையாது. அவருக்கும் நமக்கும் நடுவே உள்ள ஒரே சாட்சி டீக்கடைக்காரர்.

அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவுதான் இந்த ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது. வழக்குப் போடுவதானால், சரக்குப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். நம் வீடுகளில் கடைசியாகப் பிரிக்கப்படும் பெட்டி கொலுப் பெட்டி. பழைய வேட்டியில் சுற்றிய தசாவதாரமும் செட்டியார் பொம்மையும் நவராத்திரி வரை பரணில் அப்படியே இருக்கும். பரீட்சை முடிந்து மே மாதத்தில் குடிபோகிறவர்களுக்குக் கவலையில்லை. நவராத்திரி கெடுவுக்குள் வந்துவிடும். ஆனால் மார்கழி கழியட்டும் என்று காத்திருந்து தையில் குடிபோகிறவர்களுக்கு, வராக அவதாரத்தின் மூக்கு உடைந்த செய்தி தெரிய வரும்போது 180 நாள் எப்போதோ முடிந்திருக்கும். எனவே தை மாதத்தில் மாறுகிறவர்கள் பால் பொங்கிய கையோடு கொலுப் பெட்டியைப் பிரித்துவிடுவது உத்தமம். "நவராத்திரிக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கே, இப்ப எதுக்குடி பொம்மைய எடுக்கறே?" என்று மாமியார் கேட்டால், 16-ஆம் பிரிவைப் படித்துக் காட்டலாம்.