தூங்காத வண்டி

பாளையங்கோட்டையில் பெரியப்பா வைத்திருந்த அம்பாசடரில் பேட்டரி இறங்கினால் அது தெருவுக்கே தெரிந்த சங்கதி. செல்ஃப் எடுக்காமல் வண்டி முனகியதும் டிரைவர் அண்ணாச்சி இறங்கி, "ஏலே, உள் லைட்ட எவன் போட்டு விட்டது?" என்பார். குற்றவாளி எப்போதும் எங்களில் ஒருவன்தான். விசாரணை அதோடு முடிந்துவிடும். தண்டனை மட்டும் பொது: எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். செகண்ட் கியரைப் போட்டு கிளட்சை மிதித்திருப்பவர், வேகம் பிடித்ததும் சட்டென்று காலை எடுப்பார். ஒரு குலுங்கல், கொஞ்சம் புகை, வண்டி கிளம்பிவிடும்.

தள்ள ஆளில்லாத நாளுக்கு டிக்கியில் ஹேண்டில் கிடந்தது. கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் அதைப் பிடிக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால், இன்ஜின் திருப்பி உதைக்கிற உதையில் விரல் முறியும். அமெரிக்காவில் 1912-லேயே காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்து ஹேண்டிலுக்கு விடை கொடுத்துவிட்டது. எங்கள் வீட்டில் ஸ்டார்ட்டரும் இருந்தது, ஹேண்டிலும் இருந்தது. எதை நம்பினோம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடிக்கடி இறங்கினால் அண்ணாச்சி வைத்தியத்தில் இறங்குவார். பேட்டரியின் ஆறு மூடிகளையும் நாலணாக் காசை வைத்துத் திருகித் திறப்பார். ஆசிட் நெடி மூக்கில் ஏறும். ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு செல்லாக உறிஞ்சிப் பார்ப்பார். உள்ளே மிதவை 1.265-க்குப் பக்கத்தில் நின்றால் முழு சார்ஜ், 1.120-க்கு இறங்கினால் காலி. ஐந்து செல் ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் தாழ்ந்தால், "இது செத்துட்டு" என்று மூடியை மூடுவார். தண்ணீர்தான் குறைந்திருக்கிறது என்றால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவார். டெர்மினலில் பூத்த பச்சையும் வெள்ளையுமான பொடியை வெந்நீரால் கழுவி வாசலின் தடவுவார். ஃபேன் பெல்ட்டை அழுத்திப் பார்ப்பார். அது தளர்ந்தால் டைனமோ ஒழுங்காகச் சுற்றாது, சார்ஜும் ஏறாது. இவ்வளவுக்கும் அவர் கையில் ஒரு மீட்டர் கிடையாது.

இப்போது எங்களிடம் இருக்கிற வண்டிக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. பேட்டரிக்கு சீல் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஊற்றவும் முடியாது. சாவியைச் சட்டைப் பையில் வைத்திருந்தாலே கதவு திறக்கும். இறங்கிப் போனால் விளக்கெல்லாம் தானே அணையும். குற்றம் செய்யப் பிள்ளைகளுக்கு வாய்ப்பே இல்லை. அப்படியிருந்தும் இரண்டு மூன்று நாள் நிறுத்திவைத்தால் வண்டி கிளம்பாது; கதவுகூடத் திறக்காது. ஆட்டோமேட்டிக் என்பதால் தள்ளியும் பயனில்லை. தள்ள ஓடிவந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

கடையில், வண்டியைப் பார்க்காமலே, "பேட்டரி போச்சு சார், மாத்திருங்க" என்றார்கள். மாற்றினோம். புதுசும் அதேபோல் படுத்தது.

கடைசியில் வந்தவர் பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாய். இரவு முழுக்க ஓய்ந்திருந்த பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் அது முழு சார்ஜ் என்றார். வண்டி ஓடும்போது 14-ஐ ஒட்டி வந்தால் ஆல்டர்னேட்டரும் நல்லது. இரண்டிலும் பழுதில்லை. "அப்ப தூங்கும்போது எதுவோ தின்னுது தம்பி" என்றார்.

மைனஸ் கேபிளைக் கழற்றி இடையில் மீட்டரைக் கோத்தார். பானெட் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் தட்டி, மூடிவிட்டதாக வண்டியை நம்ப வைத்தார். உள்ளேயிருக்கும் கம்ப்யூட்டர்கள் கண்ணயர அரை மணி நேரம் காத்திருந்தோம். மீட்டர் மாட்டியிருக்கும்போது யாரும் ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும் என்று சாவியை வாங்கித் தள்ளி வைத்துவிட்டார். தூங்குகிற வண்டி 0.05 ஆம்பியருக்குள்தான் எடுக்க வேண்டும். மீட்டர் காட்டியது 0.38. ஒரு நாளைக்கு 9 ஆம்பியர்-மணி. எங்களுடையது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. பாதி இறங்குவதற்குள்ளேயே செல்ஃப் திணறத் தொடங்கிவிடும்.

பாய் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒன்றைப் பிடுங்கியதும் மீட்டர் 0.03-க்கு விழுந்தது. அந்த வயரைப் பிடித்துப் போனால், முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமரா. நிறுத்திய வண்டியைத் திருடன் தொடாமல் காக்க மாட்டியது. சாவியை அணைத்தாலும் மின்சாரம் வரும் இடத்தில் இணைத்திருந்தார்கள். கேமரா கடமை தவறவில்லை: எந்தத் திருடன் வந்தாலும் ஓட்டிப்போக முடியாத நிலையில்தான் வண்டியை வைத்திருந்தது.

பிரான்சில் கஸ்தோன் பிளாந்தே 1859-ல் செய்த அதே ஈயமும் கந்தக அமிலமும்தான் இன்றைக்கும் பேட்டரி. பெரியப்பாவின் அம்பாசடரில் அதைக் காலி செய்ய ஒரு பையன் தேவைப்பட்டான். இன்று அந்த வேலையையும் வண்டியே பார்த்துக்கொள்கிறது.

உங்கள் வண்டியும் இப்படிப் படுத்தால், பேட்டரி நிற்கிறதா, சார்ஜ் ஏறுகிறதா, அணைத்த பிறகு எதுவும் தின்கிறதா என்று மூன்றையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு மாற்றுங்கள். சாதாரண மல்டிமீட்டர் சில நூறு ரூபாய். புதுப் பேட்டரி சில ஆயிரம்.