மின்சாரக் கார்: மூத்ததா, இளையதா?

பெட்ரோலிலேயே ஊறிய செல்வந்தக் குடும்பங்கள் மின்சாரக் காருக்கு மாறுவது இந்த நூற்றாண்டின் அதிசயம்தானே?

சென்ற நூற்றாண்டின் அதிசயம் என்பதே பொருந்தும். 1908இல் மாடல் டி என்னும் மலிவான பெட்ரோல் காரை வெளியிட்ட ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஃபோர்டு, கணவரின் தயாரிப்பை விடுத்து, புகையும் பேரிரைச்சலும் இல்லாத, விலையில் அதைப் பல மடங்கு விஞ்சிய டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்னும் மின்சாரக் காரையே விரும்பி ஓட்டினார்.

பிறகு அதை வீழ்த்தியது பெட்ரோல்தானே?

வீழ்த்தியதில் பெரும்பங்கு ஒரு மின்மோட்டாருக்கே உரியது! பெட்ரோல் எஞ்சினைக் கிளப்ப இரும்புக் கைப்பிடியைச் சுழற்றும்போது அது எதிர்த்துத் திரும்பிக் கை எலும்பை முறிப்பதும் உண்டு. சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர், அதாவது பேட்டரியின் ஆற்றலால் எஞ்சினைச் சுழற்றிவிடும் சிறு மோட்டார், 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் இடம்பெற்று அந்தத் துன்பத்தை நீக்கியதும், மின்சாரக் காரின் தனிச்சிறப்பு ஒன்று பறிபோயிற்று. அக்காலப் பேட்டரிகள் நெடுந்தூரப் பயணத்துக்கு ஈடுகொடுக்காததும், மாடல் டி-யின் விலை ஆண்டுக்காண்டு சரிந்ததும் எஞ்சியதை முடித்துவைத்தன.

பந்தயப் புகழ்பெற்ற போர்ஷே, மின்சாரத்துக்கு இறங்கி வரலாமா?

இறங்குவதா, தாய்வீடு திரும்புவதா? சக்கரக் குடத்துக்குள்ளேயே மின்மோட்டாரைப் பொருத்தி ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த லோனர்-போர்ஷே, 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியில் காட்சிக்கு வந்தது. போர்ஷே 356 என்னும் பெட்ரோல் கார் பிறந்ததோ 1948இல்தான்.