லஸ் முனையில் இருவினை: மோட்டார் காப்பீடு குறித்து ஓர் ஆய்வு

நல்வினையும் தீவினையும் உயிரைத் தொடர்ந்து வரும் என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. மயிலாப்பூர் மாட வீதிகள் நான்கிலும் இதில் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் அதே வீதிகளில் எதிர்த்திசையில் ஸ்கூட்டர் விடுபவரின் தீவினை எங்கே போய்ச் சேர்கிறது என்ற வினா அறிஞர்களால் புறக்கணிக்கப்பட்டே வந்திருக்கிறது. அக்குறை தீர்க்க எழுந்தது இவ்வாய்வு.

முதலில் தீவினை. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதங்கள் உயர்ந்தன. ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 ரூபாய். செல்போனில் பேசியபடி ஓட்டினால் முதல்முறை 1,000, மறுமுறை 10,000. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. கேமரா பிடித்தால் சலான் வண்டி நம்பர் மேல் விழும். ஓட்டியது யார் என்பது கேமராவுக்குத் தெரியாது. அடையாறு எல்.பி. சாலையில் மகன் சிக்னலைத் தாண்டுகிறான். மந்தைவெளியில் காபி குடித்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு எஸ்.எம்.எஸ். வருகிறது. ஆகவே தீவினை உயிரை விட்டுவிட்டு உடலை, அதாவது வண்டியை, பற்றிக்கொள்கிறது என்பது பெறப்பட்டது.

நல்வினையின் போக்கு வேறு. ஓராண்டு கிளைம் கேட்காதவருக்கு மறுஆண்டு சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. தொடர்ந்து கேட்காதிருந்தால் 25, 35, 45, ஐந்தாம் ஆண்டு முடிவில் 50. நோ கிளைம் போனஸ் (என்.சி.பி.) எனப்படும் இது உரிமையாளரின் சொத்து. பழைய மாருதியை விற்றுவிட்டுப் புதுக்கார் வாங்கினால், போனஸும் அவர் கூடவே கிளம்பிவிடும். மறுபிறவிக்கு இதைவிடத் தெளிவான ஆவணச் சான்று வேறெந்த மடத்திலும் கிடைக்காது.

இனி மறுப்பாளர் கூற்று. அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிய தி.நகர் பெரியவர்கள் கேட்பார்கள்: “அங்கெல்லாம் ஸ்பீடிங் டிக்கெட் ஒண்ணு வாங்கினா ரெக்கார்டுல ஏறிடும், இன்சூரன்ஸ் கூடிடும். இங்கே ஏன் இல்லை?” நியாயமான கேள்வி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2019இல் இதற்கென ஒரு பணிக்குழு அமைத்தது. 2021 ஜனவரியில் வெளியான குழுவின் அறிக்கை, போக்குவரத்து விதிமீறல் பிரீமியம் என்று தனியாக ஒன்றைப் பரிந்துரைத்தது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தப்பான இடத்தில் பார்க்கிங் செய்தால் 10 புள்ளி என்று சித்ரகுப்தன் கணக்கே போட்டது. வெள்ளோட்டத்துக்குக் குறித்த இடம் டெல்லி. சென்னைக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

இங்கே மூன்றாம் நபர் பிரீமியம் ஆளைப் பார்ப்பதில்லை, என்ஜினைப் பார்க்கிறது. 2022 ஜூன் முதல் தேதி வந்த கட்டணப்படி, 1,000க்கு மேல் 1,500 சி.சி. வரையிலான காருக்கு 3,416 ரூபாய். சிவப்பு விளக்கில் தவம் கிடப்பவருக்கும் அதே தொகைதான், அதைக் கண்டதும் வேகமெடுப்பவருக்கும் அதே தொகைதான்.

இதிலிருந்து கிளைப்பதே நமது முதன்மைக் கண்டுபிடிப்பு. நூறு சலான் வாங்கியவரும் கிளைம் கேட்காதவரை புண்ணியாத்மாவே. பாண்டி பஜாரில் ஒழுங்காக நிறுத்திவிட்டுப் புடவை வாங்கப் போனவரின் காரை யாரோ இடித்துவிட்டுப் போய், அதற்கு இவர் கிளைம் கேட்டால் இவர்தான் பாவி, போனஸ் பூஜ்யம். (கூடுதல் பிரீமியம் கட்டினால் போனஸைக் காக்கும் பரிகாரமும் உண்டு.)

எனவே வெங்கட்நாராயணா சாலையில் பின்னால் வந்த கார் மெல்ல முட்டும்போது நிகழ்வதைக் கூர்ந்து நோக்க வேண்டும். இருவரும் இறங்குகிறார்கள். முதலில் பார்ப்பது பம்பரை. ஒருவரையொருவர் பார்ப்பது அப்புறம்தான். “இன்சூரன்ஸ்ல போட்டுக்கோங்க சார்” என்பவர் இடித்தவர். “போட்டா என்.சி.பி. போயிடும் சார்” என்பவர் இடிபட்டவர். கேட்காமலே நடுவராகிவிட்ட ஆட்டோக்காரர் பம்பரைத் தட்டிப் பார்த்து, “ரெண்டாயிரம், டிங்கரிங் பெயிண்டிங்கோட” என்று தீர்ப்பளிக்கிறார். இத்தீர்ப்பின் பொருளாதார நுட்பம் வியக்கத்தக்கது. சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 என்று கொள்வோம். 50 சதவீத போனஸ் போனால் அடுத்த ஆண்டே 4,000 கூடுதல். அப்புறம் 20இலிருந்து மறுபடி ஏற வேண்டும். இரண்டாயிரம் லாபம்தான். பணம் கைமாறுகிறது, எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி ஏறவில்லை. சென்னையின் உண்மையான ஓட்டுநர் வரலாறு பட்டி பார்த்த பம்பர்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் புதுப்பேட்டையில் இருக்கிறார்கள்.

புறனடையாக ஒன்று. பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரன் கோயிலில் புதுவண்டிகளுக்குப் பூஜை போடும் வழக்கத்தையும் காப்பீட்டியலில் சேர்த்தே எண்ண வேண்டும். அங்கும் பழைய சலான் பற்றிக் கேள்வி கிடையாது. அரசு சி.சி. கணக்குப் பார்க்கிறது, முனீஸ்வரன் சக்கரக் கணக்கு: காருக்கு எலுமிச்சை நான்கு, ஸ்கூட்டருக்கு இரண்டு, ஷேர் ஆட்டோவுக்கு மூன்று.