டாக்டர் வண்டி: ஸ்போர்ட்ஸ் கார் வாங்குதலில் ஒரு மூலபாட ஆராய்ச்சி

ஸ்போர்ட்ஸ் காரைப் புதிதாக வாங்குவதா, ஒருவர் ஓட்டிக் களைத்ததை வாங்குவதா என்ற வினாவைத் தமிழ் ஆய்வுலகம் இதுவரை தொட்டதே இல்லை. காரணம் எளிது. வாங்க வசதி உள்ளவர்கள் ஆய்வு செய்வதில்லை. ஆய்வு செய்கிறவர்கள் உதவித்தொகை வந்த மாதத்தில் மட்டும் டூவீலருக்குப் பெட்ரோல் போடுகிறார்கள். இந்த ஆய்வு இடைவெளியை நிரப்ப முன்வந்திருக்கும் இக்கட்டுரை, மற்ற பல ஆய்வுகளைப் போலவே, முடிவை முதலில் எழுதிவிட்டுச் சான்றுகளைப் பிறகு தேடியது.

முதலில் வரையறை. இருவர் முன்னே உட்கார, மாமியாரைப் பின்னே ஏற்ற முடியாத வாகனம் ஸ்போர்ட்ஸ் கார் என்பது டீக்கடை மரபு (வாய்மொழி, இரண்டாவது டீக்குப் பிறகு). வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இதை ஏற்பதில்லை. அதன் ஏட்டில் ஸ்போர்ட்ஸ் கார் என்றொரு வகையே கிடையாது. போர்ஷே 911உம் மாருதி ஆல்டோவும் இலகுரக மோட்டார் வாகனம் என்ற ஒரே தலைப்பின்கீழ் சமபந்தி உண்கின்றன.

அடுத்து சொல்லாராய்ச்சி. ஒருவர் ஓட்டிய ஆல்டோவுக்கு 'செகண்ட் ஹேண்ட்' என்று பெயர். சற்று விலை ஏறினால் அதுவே 'யூஸ்டு கார்'. கோடியைத் தொட்டதும் 'ப்ரீ-ஓன்ட்' ஆகிவிடுகிறது. ஒரே பொருளுக்கு வருமானத்தைப் பொறுத்து மூன்று பெயர் வழங்குவதை இலக்கண நூல்கள் ஏனோ கண்டுகொள்ளவில்லை. போர்ஷே நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், தான் 111 இடங்களில் சோதித்துத் தரும் பழைய கார்களை 'அப்ரூவ்ட்' என்கிறது. அதில் பழைமையும் இல்லை, கையும் இல்லை. ஒப்புதல் மட்டுமே எஞ்சி நிற்கிறது.

புதுக் கார் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விலை, விலைக்குமேல் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அந்த வரியும் அடங்கிய விலை 20 லட்சத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 20 சதவீதம். ஒரு கோடி ரூபாய்க் காருக்குக் கட்டும் ஆயுள் வரியிலேயே இன்னொரு நல்ல கார் வாங்கிவிடலாம். ஆனால் அதற்கும் ஆயுள் வரி உண்டு. பிறகு இன்சூரன்ஸ்காரர்களின் தேய்மானப் பட்டியல் வருகிறது. முதல் ஆறு மாதத்தில் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாம் ஆண்டில் 20, பிறகு ஆண்டுக்குப் பத்துப் பத்தாகக் கூடி ஐந்தாம் ஆண்டில் 50. ஷெட்டில் தூங்கினாலும் கார் தேயும் என்பதை இவ்வளவு நிதானமாக எழுதிவைத்த நூல் வேறில்லை. இங்கே கட்டுரையாளர் ஒரு நிமிடம் மௌனம் காத்தார்.

தேய்வது எது என்பதில்தான் கருத்து வேறுபாடு. இன்றைய 911 மணிக்கு 290 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. சென்னை நகருக்குள் கார்களுக்கு விதித்த உச்ச வேகம் 60. குடியிருப்புத் தெருக்களில் 30. ஆகவே எந்தச் சென்னை 911இலும் 60க்கு மேற்பட்ட 230 கிலோமீட்டர் வேகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அப்படியே இருக்கும் என்பது இக்கட்டுரையின் முதல் தேற்றம். (கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு விடியற்காலையில் நடப்பவை இத்தேற்றத்துக்கு எதிரானவை என்பதால் ஆய்வு எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டன.) சாலைகளுக்கான இந்தியப் பேரவை வேகத்தடைக்கு 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று அளவு வகுத்திருக்கிறது. அந்த அளவில் கட்டிய தடையை நேரில் பார்த்தவர்கள் கல்வெட்டுத் துறைக்குத் தெரிவிக்கலாம். மற்ற தடைகளில் புதுக் காரும் பழைய காரும் ஒரே குரலில்தான் அடிவயிறு உரசுகின்றன.

இனி மூலபாடம். 1963இல் பிராங்பர்ட் கண்காட்சியில் போர்ஷே தன் புதிய காரை 901 என்ற பெயரோடு நிறுத்தியது. நடுவில் சுழியம் வைத்த மூவிலக்கப் பெயர்கள் தனக்கே உரியவை என்று பிரான்சின் பேஷோ நிறுவனம் மறுப்புச் சொல்ல, சுழியம் ஒன்றாக மாறி 911 பிறந்தது. அதற்குள் 901 என்ற பெயரில் 82 வண்டிகள் உருவாகியிருந்தன. ஆக, உலகம் கொண்டாடும் அந்தப் பெயரே ஒரு பாடபேதம். அந்த 82இல் 57ஆம் எண் வண்டி 2014இல் ஜெர்மனியில் ஒரு கொட்டகையில், முன்பக்க மட்கார்டுகள் இல்லாமல், துரு தின்ற நிலையில் கிடைத்தது. போர்ஷே அருங்காட்சியகம் அதை வாங்கி, மூன்றாண்டு செப்பனிட்டுக் காட்சிக்கு வைத்தது. செல்லரித்த ஏட்டைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சா. இருந்திருந்தால் அந்தத் துருவின் அருமையை உணர்ந்திருப்பார். பின்னால் வந்தவர்களோ 'இது 57ஆ 58ஆ' என்று மறுப்பு நூல் எழுதியிருப்பார்கள்.

பழைய காரை வாங்குபவர் பதிப்பாசிரியராகத்தான் ஆக வேண்டும். காரின் மேலேயே எல்லாம் எழுதியிருக்கிறது. சேசிஸ் எண்ணில் 17 எழுத்துகள். அவற்றில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வரா, ஒன்றோடும் சுழியத்தோடும் மயங்கும் என்பதால். ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிட்டு, எகரமா ஏகாரமா, ரகரமா காலா என்று பின்வந்தவர்களைத் திண்டாட வைத்த நம் ஏடெழுதிகளுக்கு இந்த யோசனை தோன்றவில்லை. தோன்றியிருந்தால் எத்தனை பேராசிரியர்களின் பிழைப்பு போயிருக்கும்.

டயர் ஒரு கல்வெட்டு. பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். 2000க்கு முன் மூன்றே இலக்கங்கள். ஆண்டுக்கு ஒற்றை இலக்கம் மட்டும் இருந்ததால் எந்தப் பத்தாண்டு என்று தெரியாது; சங்க காலத்தைக் கணிப்பவர்கள் இதில் தம் சொந்த ஊரையே காண்பார்கள். பக்கவாட்டுக் கண்ணாடிகளின் மூலையிலும் தயாரிப்புக் காலத்தைச் சொல்லும் குறிகள் உண்டு. நான்கில் ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தக் கண்ணாடி இடைச்செருகல். அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. பெயிண்டுக்கு மைக்ரான் கணக்கில் அளக்கும் கருவி இருக்கிறது. கம்பெனிப் பூச்சு பெரும்பாலும் நூறிலிருந்து நூற்றைம்பது மைக்ரானுக்குள் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் ஐந்நூறு காட்டினால் உள்ளே பட்டி பார்த்திருக்கிறார்கள்.

வசைபெற்ற பதிப்புகளும் உண்டு. 1997இல் வந்த 996 தலைமுறை 911இன் முன்விளக்கு உடைந்த முட்டை போல இருப்பதாக ரசிகர்கள் திட்டினார்கள். மேலை நாட்டில் 'பொரித்த முட்டை' என்றார்கள். நம் வழக்கில் ஆஃபாயில். விளக்கு பிடிக்கவில்லை என்பதற்காகவே பழைய 911களில் விலை மலிந்தது நெடுங்காலம் இதுதான். இன்னொரு காரணம் எஞ்சினுக்குள் இருந்தது. இடைத்தண்டைத் தாங்கும் பேரிங் சில வண்டிகளில் முன்னறிவிப்பின்றி உடையும். இரும்புத் தூள் ஆயிலோடு சுற்றும், எஞ்சின் போகும். இதற்காக அமெரிக்காவில் வாங்கியவர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2013இல் சமரசம் ஏற்பட்டது. அதே தலைமுறை டர்போவிலும் ஜிடி3யிலும் வேறு எஞ்சின் என்பதால் இந்தப் பிணி இல்லை. முட்டை மட்டும் முதலில் வந்த ஜிடி3யிலும் உண்டு.

திணைப் பகுப்பு இல்லாத கட்டுரை ஆய்வேடாகாது என்பதால்: டெலிவரிக்குக் காத்திருத்தல் முல்லை, சர்வீஸ் பில் நெய்தல்.

இத்தனை சான்றுகளும் வண்டியிலேயே இருக்க, வாங்குகிறவர் ஒன்றையும் பார்ப்பதில்லை. அவர் கேட்பது புரோக்கர் சொல்லும் கீழ்க்கண்ட மூலபாடத்தை:

"ஒரே ஓனர் சார். டாக்டர் வண்டி. ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் எடுப்பாரு. ஃபாரின் போறாரு, அதான் குடுக்கிறாரு."

நான்கு தொடர்கள். சென்னை அண்ணா நகரிலும் கோவை அவினாசி சாலையிலும் ஓரெழுத்தும் பிசகாமல் வழங்குகின்றன. எழுதா மரபில் ஒரு பாடம் இவ்வளவு தூய்மையாகக் காக்கப்பட்டதற்கு வேதத்துக்கு அடுத்தபடி இதையே சொல்லலாம். இந்த டாக்டர் யார்?

ஒருவர் கொள்கையினர், டாக்டர் ஒரே ஒருவர்தான் என்பர். தமிழ்நாட்டில் விற்பனைக்கு நிற்கும் அத்தனை ஸ்போர்ட்ஸ் கார்களும் அவருடையவை. ஞாயிறு தவிர எடுக்க முடியாமல் போனதும் இதனால்தான்; மற்ற ஆறு நாள்களும் சாவியைத் தேடுவதிலேயே கழிந்தன (காண்க: முன்கண்ணாடியில் ஒட்டிய விலைச்சீட்டு, பின்புறம்). பலர் கொள்கையினர், ஔவையார் பலர் என்பதுபோல் டாக்டர்களும் பலர், காலத்தால் வேறுபட்டவர்கள் என்பர். அதற்கு அவர்கள் காட்டும் சான்று, ஒரே காருக்கு இரண்டு புரோக்கர்கள் இரண்டு வெவ்வேறு டாக்டர்களைச் சொன்னது (மேற்படி, ஆனால் மேற்படியில் இது காணப்படவில்லை). தொன்மக் கொள்கையினர், டாக்டர் அகத்தியரைப் போன்றவர் என்பர். பெயர் எங்கும் வரும். ஆளை எவரும் கண்டதில்லை. எப்போதும் மலைக்கோ ஃபாரினுக்கோ போய்க்கொண்டிருப்பார்.

சொல்லாய்வுக் குழுவினர் வேறு வழி போனார்கள். டாக்டர் என்றால் முனைவர் என்றும் பொருளாகும் அல்லவா? ஆகவே அந்த ஓனர் ஒரு தமிழ்ப் பேராசிரியர் என்று நிறுவ முற்பட்டார்கள். ஊதியப் பட்டியலைப் பார்த்ததும் அந்தக் கருதுகோள் கைவிடப்பட்டது. கௌரவ டாக்டராக இருக்கலாமே என்ற துணைக் கருதுகோளுக்கு வலுவான சான்றுகள் உண்டு. அவற்றை வெளியிட நெறியாளர் அனுமதிக்கவில்லை.

துறை எது என்பதில் நடந்த பூசல் தனி நூலுக்குரியது. பிரசவ மருத்துவர் என்றால் நள்ளிரவில் பறந்திருக்க வேண்டும்; 'ஞாயிறு மட்டும்' என்ற பாடத்தோடு அது முரணும். பல் மருத்துவர் என்று எந்தப் புரோக்கரும் சொன்னதில்லை; காரணம் புலப்படவில்லை. எலும்பு முறிவு மருத்துவர் என்ற பாடம் ஒரே ஒரு சுவடியில் கிடைக்கிறது (வாய்மொழி, ஸ்ரீபெரும்புதூர் சுங்கச்சாவடி அருகே சேகரித்தது, தகவலாளர் பேசும்போது கன்டெய்னர் லாரி கடந்ததால் நடுவில் மூன்று சொற்கள் சிதைவு, சிதைந்த இடத்தில் 'ஆக்ஸிடென்ட்' என்று ஒருவரும் 'அக்ரிமென்ட்' என்று மற்றொருவரும் ஊகித்தனர், இருவரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை).

இதில் உண்மையான வேடிக்கை ஒன்று உண்டு. டாக்டர் வெறும் கற்பனையாக இல்லாமல் உண்மையிலேயே இருந்து, உண்மையிலேயே ஞாயிறு மட்டும் எடுத்திருந்தால், அந்தக் காரை வாங்கத் தயங்க வேண்டும். நின்றே கிடந்த காரில் ரப்பர் சீல்கள் காய்ந்து கசியும். பேட்டரி சாகும். பட்டன் தேயாவிட்டாலும் டயர் வயதாகி இறுகும். மேலே சொன்ன பேரிங்குக்கும் தினம் ஓடும் வண்டியே பாதுகாப்பு என்று மெக்கானிக்குகள் பலர் சொல்கிறார்கள். ஒழுங்காக ஆயில் மாற்றி, பில்களைக் கோப்பில் வைத்து, நாள்தோறும் ஆபீஸ் போய்வந்த சாதாரண ஆளின் வண்டிதான் நல்ல வண்டி. ஆனால் 'தினம் ஓட்டினாரு சார்' என்று எந்தப் புரோக்கரும் வாய்திறப்பதில்லை.

ஓடோமீட்டர் 9,000 காட்டுகிறது. டயரில் போன ஆண்டுத் தேதி. ஒன்பதாயிரத்துக்குள் தேய்ந்துபோன முதல் ஜோடி எங்கே என்று கேட்டால், "டாக்டர் சேஃப்டி பார்ப்பாரு சார்" என்று உரை வருகிறது. வாங்குகிறவர் தலையாட்டுகிறார். பாட்டை ஓரமாக வைத்துவிட்டு, பாடியவர் எந்த ஊர், என்ன குலம், எந்தச் சமயம் என்று முந்நூறு பக்கம் எழுதும் துறையில் பயின்றவர்களுக்கு இந்தத் தலையாட்டல் புதிதல்ல. வண்டியை விட்டுவிட்டு ஓனரை ஆராய்வதற்கும் முன்னோடிகள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் துறைத் தலைவர்கள்.

தமிழகச் சான்று ஒன்றைச் சேர்க்காவிட்டால் இக்கட்டுரை வெளியாகாது. 1962இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் அமரும் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டு காரின் சேசிஸைச் சற்றே வெட்டி ஒட்டிச் செய்தது. அந்த ஹெரால்டை அதே காலத்தில் சென்னையை ஒட்டி, வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு நிறுவனம் தயாரித்துக்கொண்டிருந்தது. ஆகவே ஸ்போர்ட்ஸ் காரின் பாதி வண்டலூரில் பிறந்தது என்பது இரண்டாம் தேற்றம். மீதிப் பாதியை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

புதிதா பழையதா என்ற வினாவுக்கு இக்கட்டுரையின் தீர்ப்பு: ஐந்து ஆண்டு ஆனது, தினம் ஓடியது, பில் உள்ளது, நான்கு கண்ணாடியும் ஒரே காலத்தது. அப்படி ஒன்று கிடைத்தால் விளக்கு ஆஃபாயிலாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். கிடைக்காதவர்கள் பஸ் பாஸைப் புதுப்பித்துக்கொள்க.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்து, ஞாயிறு மட்டும் ஓட்டி, ஃபாரின் போவதால் விற்ற டாக்டர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால் தயவுசெய்து முன்வர வேண்டும். காரைப் பற்றி எதுவும் கேட்க மாட்டோம். எந்தத் துறை என்று மட்டும் சொன்னால் போதும்.