ஒரே ஒரு கத்தி

“காட்டுக்குள்ள மாட்டிக்கிட்டீங்க பாஸ். கையில ஒரே ஒரு கத்திதான். எதை எடுப்பீங்க?”

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர் வீட்டில் குறைந்தது எட்டுக் கத்தி இருக்கும். ஒரே ஒரு கத்தி வைத்திருப்பவன் இப்படிக் கேட்க மாட்டான். அவனுக்குத்தான் பதில் தெரியுமே.

கத்திக்காரரை உங்களுக்கும் தெரியும். ஆபீசில் இருப்பார், இல்லாவிட்டால் மச்சினன் வழியில் வந்து ஒட்டிக்கொண்டிருப்பார். தொடைக்குக் கீழேயும் பாக்கெட் வைத்த பேன்ட். இடது முன்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் முடி இருக்காது. தீட்டி முடித்ததும் அங்கே சிரைத்துத்தான் கூர் பார்ப்பார். நல்ல கூர் பேப்பரைச் சத்தமில்லாமல் அறுக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வேறு. அதனால் அவர் வீட்டுச் செய்தித்தாள்கள் நாடா நாடாவாகத்தான் எடைக்குப் போகும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்தக் கேள்வி.

அதற்குச் சரியான பதில் கிடையாது. எல்லாப் பதிலையும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

முதல் தடவை, நானும் நாலு விஷயம் தெரிந்தவன்தான் என்று காட்டிக்கொள்ள, “மோரா” என்றேன். ஸ்வீடனில் மோரா என்கிற ஊர்ப்பக்கம் செய்வது. நாலு அங்குல அலகு, பிளாஸ்டிக் பிடி, இடுப்பில் இருப்பதே தெரியாத எடை. கனடாவில் காட்டு வாழ்க்கையைப் பாடமாக நடத்திய மோர்ஸ் கோச்சான்ஸ்கி ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்தது இந்த மலிவுக் கத்தியைத்தான். இதை எனக்குச் சொன்னவரே நம் கத்திக்காரர்தான்.

“நல்ல சாய்ஸ்,” என்றார். அவர் ‘நல்ல சாய்ஸ்’ என்று சொல்லிவிட்டால் நாம் தொலைந்தோம் என்று அர்த்தம். “ஆனா பாருங்க, அந்த கம்பேனியன் மாடல்ல இரும்பு பிடியோட கடைசி வரைக்கும் போகல. ஃபுல் டேங் இல்ல. கட்டைய வச்சுப் பிளக்கும்போது பிடி விட்டுப்போச்சுன்னா?”

“கத்தியை வச்சு ஏன் கட்டையப் பிளக்கணும்? கோடாலி எதுக்கு இருக்கு?”

“ஒரே ஒரு கத்திதான்னு சொன்னேன்ல?”

அலகின் இரும்பு அகலம் ஒடுங்காமல் பிடியின் அடிவரை ஓடினால் அது ஃபுல் டேங். அவருக்கு அது வேதம். அமெரிக்க மரைன் படை 1942-இல் எடுத்துக்கொண்ட கேபார் கத்திக்கு ஏழு அங்குல அலகு இருந்தாலும் பிடிக்குள் நுழைவது ஒடுங்கிய வால்தான். அதைக் கட்டிக்கொண்டுதானே பசிபிக் தீவுகளில் சண்டை போட்டார்கள் என்று மடக்கினேன். “அவங்களுக்கு வேற வழியில்ல பாஸ்,” என்றார். உலகப்போருக்குப் போனவனுக்கு வேறு வழியில்லை. சனி ஞாயிறில் ஏலகிரிக்குப் போகிறவருக்கு இருக்கிறது.

அடுத்த தடவை கொஞ்சம் படித்துவிட்டே போனேன். “ஃபால்க்னிவன் எஃப்1. 1995-லேர்ந்து ஸ்வீடன் விமானப்படை பைலட்டுங்களுக்குக் கொடுக்கிற கத்தி. டேங் பிடியையும் தாண்டி வெளியே நீட்டிக்கிட்டிருக்கு. போதுமா?”

“நல்ல சாய்ஸ். ஆனா கான்வெக்ஸ் கிரைண்ட். காட்டுல எப்படித் தீட்டுவீங்க?” அலகின் இரண்டு பக்கமும் நேராகச் சரியாமல், லேசாக வயிறு வைத்து வளைந்து வந்து விளிம்பில் சேருமாம். கட்டை பிளக்க அதைப்போல வராது. சப்பைக் கல்லில் தீட்டத் தெரியாதவன் தீட்டினால் அந்த வயிறு போய்விடும். “அதுவும் அது துருப்பிடிக்காத இரும்பு. கார்பன் ஸ்டீல்னா ஆத்துக் கூழாங்கல்லுலகூட ஒரு தேய்ப்பு தேய்ச்சுக்கலாம்.”

சரி, கார்பன் ஸ்டீலுக்கே வருவோம் என்று எஸ்ஸீ-4 பெயரைச் சொன்னேன். 1095 இரும்பு. உடைந்தால் எப்படி உடைத்தாய் என்றுகூடக் கேட்காமல் வேறு கத்தி தருவார்களாம். “நல்ல சாய்ஸ். ஆனா திருவான்மியூர்க் காத்துக்கு ரெண்டே நாள்ல துரு.” துருவுக்குப் பயந்து அவர் கார்பன் கத்திகளைத் தோல் உறையிலும் வைப்பதில்லை. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் பூசிய கத்திகள் பீரோவில் மேல்தட்டிலும், உறைகள் கீழ்த்தட்டிலும், கோபித்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி தனித்தனியாகக் கிடக்கும். அந்த ஆயுள் வாரண்டி அவருக்குப் பயன்படப் போவதில்லை. உடைவதற்கு முதலில் அதை உபயோகிக்க வேண்டுமே.

பெக்கர் பிகே2 என்றேன். கால் அங்குலக் கனம். அதை உடைக்கவே முடியாது. “ஏறக்குறைய அரைக் கிலோ பாஸ். மலை ஏறும்போது தெரியும்.” அவர் மலை ஏறி நான் பார்த்ததில்லை. ஏலகிரியில் கொண்டை ஊசி வளைவு ஏறியது கார்தான்.

கடைசியில் வெறுத்துப்போய், “எங்க வீட்டு அருவாமனை,” என்றேன். “அதுவும் மடக்க முடியாத அலகுதான். பலகையோட அடிவரைக்கும் இரும்பு போகுது.”

சிரிப்பார் என்று நினைத்தேன். மனிதர் முகவாயைத் தடவிக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். “ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கும்… பேஸ் ஆடாது… நல்ல சாய்ஸ். ஆனா ஷீத் கிடையாதே.”

சரி, நீங்களே சொல்லுங்கள், ஒன்றே ஒன்று என்றால் எது என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். “அது சிச்சுவேஷனைப் பொறுத்தது பாஸ்,” என்பார். பதில் கிடைத்துவிட்டால் அடுத்த பார்சல் வருவதற்கு நியாயம் இருக்காது.

சிச்சுவேஷன் என்று அவர் சொல்கிற காடு எங்கே இருக்கிறது என்றும் விசாரித்துவிட்டேன். ஸ்வீடனில் பிர்ச் மரம் இருக்கிறது, பனி இருக்கிறது, இரவு தீ மூட்டாவிட்டால் விறைத்துப்போக வாய்ப்பும் இருக்கிறது. நம் முதுமலைக்கோ மேகமலைக்கோ இந்தக் கத்தியோடு போக முடியாது. சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய எழுத்துமூல அனுமதி வேண்டும் என்கிறது 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். ஆயுதம் எது எது என்று அது போட்டிருக்கும் பட்டியலில் கத்தியும் இருக்கிறது. போனாலும், ஒற்றை யானை எதிரே வந்து நின்றால் ஸ்காண்டி கிரைண்டா ஃப்ளாட் கிரைண்டா என்பது யானைக்குத் தெரியாது. அட்டைக்கு உப்பும் புகையிலையும் போதும். ஆக மிச்சம் இருப்பது தனியார் கேம்ப் சைட்தான். டென்ட்டை அவர்களே அடித்துக் கொடுக்கிறார்கள், வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது, இரவு எட்டு மணிக்கு பார்பெக்யூ.

அங்கேதான் எங்களையும் ஒருமுறை கூட்டிப்போனார். விறகுக் கட்டு விலைக்குக் கிடைத்தது. பிளந்து காயவைத்த சவுக்கு. பிளந்த விறகை உட்கார்ந்து மறுபடியும் பிளந்தார். கத்தியைக் கட்டைமேல் வைத்து, அதன் முதுகில் இன்னொரு கட்டையால் அடிக்க வேண்டும். சவுக்கு லேசில் விட்டுக்கொடுக்கிற மரம் இல்லை. அடிக்கிற அடியில் பக்கத்து டென்ட் குழந்தை எழுந்து அழுதது. பிறகு ஒரு குச்சியை எடுத்து, சுருள் சுருளாக, உதிர்ந்துவிடாமல், இறகு மாதிரி சீவினார். அழகாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அதன்மேல் ஃபெர்ரோ ராடைக் கத்தி முதுகால் சுரண்டிச் சுரண்டிப் பொறி பறக்கவிட்டுக்கொண்டிருந்தபோது என் மாமியார் ஹேண்ட்பேகிலிருந்து ஒரு சூடம் எடுத்துக் கொடுத்தார். அடுத்த ஒரு மணி நேரம் அவர் மாமியாரோடு பேசவில்லை.

இதுவரைக்கும் சிரிப்பு. இனிமேல் நான் சொல்வது புகார்.

சிக்கன் ஊறிவிட்டது, வெங்காயம் நறுக்க வேண்டும். கேம்ப் சைட் சமையல்கட்டில் இருந்த ஒரே கத்தியை யாரோ வாங்கிப்போயிருந்தார்கள். எங்கள் பாயிலோ ஐந்து கத்தி, அளவுப்படி அடுக்கி. “எஸ்ஸீ வேண்டாம், வெங்காயச் சாறு பட்டா கறுத்துடும்.” அதே கத்தியை நரைத்த நிறம் வர வேண்டும் என்று வினிகரில் ஊறவைத்தவர் இவர்தான். “எலுமிச்சம்பழம் மட்டும் வேண்டவே வேண்டாம்.” சரி, அந்தப் பெக்கரைக் கொடுங்கள் என்றால், “அது கேம்ப் நைஃப் பாஸ், கிச்சன் நைஃப் இல்ல.” அந்தக் கத்தியை வடிவமைத்த ஈதன் பெக்கர் யார் தெரியுமா? 1931-இல் ‘ஜாய் ஆஃப் குக்கிங்’ என்ற புத்தகத்தைச் சொந்தச் செலவில் அச்சடித்த இர்மா ரோம்பௌயரின் பேரன். அமெரிக்கச் சமையல்கட்டில் எல்லாம் இருக்கிற அந்தப் புத்தகத்தின் பிந்தைய பதிப்பில் இவர் பேரும் இருக்கிறது. சமையல் புத்தகக் குடும்பத்துப் பிள்ளை செய்த கத்தியால் வெங்காயம் நறுக்கக் கூடாதாம்! கெஞ்சி வாங்கிக் கேரட்டில் மட்டும் வைத்துப் பார்த்தோம். கால் அங்குலக் கனத்துக்குக் கேரட் நறுக்குப்படவில்லை, பட்டென்று இரண்டாகப் பிளந்து ஒரு பாதி இருட்டுக்குள் ஓடியது. கடைசியில் வெங்காயத்தைக் கல்லில் வைத்து நசுக்கினோம். மசாலா பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்தது என் பையன். ஐந்து கத்திக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு ஒரு குழந்தை பிளாஸ்டிக்கைப் பல்லால் கடிக்கிறது என்றால் அந்த ஐந்தும் எதற்கு? உபயோகித்தால் தேயும் என்று பயந்தால் பொருளுக்கு நாம் காவல்காரன், அவ்வளவுதான். இதை அவரிடமே சொன்னேன். “பாயின்ட்,” என்று ஒத்துக்கொண்டார். அடுத்த வாரம் புதிதாக இன்னொன்று வந்தது: ‘சமையலுக்கு மட்டும்’.

இத்தனைக்கும் அவர் வீட்டுக்கு வந்தால் நான் கதவைத் திறப்பதற்குக் காரணம் உண்டு. தெருவில் சாணை பிடிக்கிறவர் வந்து வெகு காலமாகிறது. கத்திக்காரர் வந்தால், காப்பி வருவதற்குள் நேரே சமையல்கட்டுக்குப் போய், எங்கள் தக்காளி நசுக்கும் கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, “ஐயையோ” என்பார். தோளில் மாட்டிய பையிலிருந்து தண்ணீரில் ஊறுகிற கல் வெளியே வரும். கத்தி விளிம்பில் மார்க்கர் பேனாவால் கறுப்பு மை தடவிக்கொள்வார். ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மை எங்கே அழிந்திருக்கிறது என்று பார்ப்பார். அழிந்த இடத்தில்தான் கல் படுகிறது. அதற்கேற்ப மணிக்கட்டை ஒரு மயிரிழை சாய்ப்பார். பிறகு பேச்சே இருக்காது. கத்திக்கு விலை இருபது ரூபாயா இருபதாயிரமா என்ற வித்தியாசமும் இருக்காது. ஒரு பக்கம் தீட்டி முடித்தால் மறுபக்கம் கட்டைவிரலில் தட்டுப்படுகிற அந்த இரும்புப் பிசிறைத் தேடி, அதையும் பழைய பெல்ட்டில் தடவித் தடவி எடுத்த பிறகுதான் நிமிர்வார். அந்த நேரத்தில் அவர் ஒப்பிடுவதற்கு ஒன்றுமில்லை. கையில் இருப்பது ஒரே ஒரு கத்தி.

“மழுங்கின கத்திதாம்மா கையை வெட்டும். கூரான கத்தி வெட்டாது,” என்று என் மனைவியிடம் உபதேசம் செய்துவிட்டுப் போனார் போன மாதம்.

மறுநாள் காலை பீன்ஸ் நறுக்கும்போது அவள் விரலை வெட்டிக்கொண்டாள். வருஷக்கணக்காக மொண்ணைக் கத்தியை அழுத்தி அழுத்திப் பழகிய கை. “என்னங்க, உங்க ஃப்ரெண்டை இனிமே கிச்சன் பக்கம் விட்டீங்கன்னா பாருங்க!” நாலு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று போனைப் போட்டேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“வெட்டு நேரா இருக்கா, இல்ல பிசிறு பிசிறா இருக்கா?”

“நேராத்தான் இருக்கு. ஏன்?”

“அப்ப பிசிறு சுத்தமாப் போயிடுச்சு பாஸ்,” என்றார், பெரிய நிம்மதியோடு. “தங்கச்சிகிட்ட சொல்லுங்க, நேர் வெட்டு சீக்கிரம் ஆறிடும்.”

சொன்னபடியே ஆறியும் தொலைத்தது. அதனால் மேற்கொண்டு திட்டவும் முடியவில்லை.