துருவேறிய போல்ட்டும் அடியியலும்: ஓர் ஆய்வு

வண்டி பழுதானால் பார்ப்பது உலக வழக்கு. பார்த்தும் தீராத பழுதை ஒரு கை பார்ப்பது பட்டறை வழக்கு. முன்னதற்குக் கம்பெனிக்காரர்கள் கையேடு அச்சிட்டுத் தருகிறார்கள். பின்னதற்கு நூல் இல்லை. இல்லையே என்று யாரும் அழவும் இல்லை. ஆனால் ஆய்வு என்பது அழுகைக்குக் காத்திருப்பதில்லை.

கடைநிலைச் சிகிச்சை ஐவகைப்படும். அவையாவன: சாய்த்தல், நனைத்தல், அப்புதல், சுடுதல், அடித்தல்.

சாய்த்தல்: ஸ்டார்ட் ஆகாத பஜாஜ் சேத்தக்கைப் பக்கவாட்டில் படுக்கப்போட்டு நிமிர்த்துவது. நாடறிந்தது, உரை வேண்டா.

நனைத்தல்: மலைப்பாதையில் அம்பாசிடர் மூச்சுத் திணறி நின்றால், சூடேறிய பெட்ரோல் பம்பில் ஆவி அடைத்துக்கொண்டது என்று கொள்க. பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருக்க வேண்டும். துணி, டிரைவரின் தோள்துண்டாக இருத்தல் மரபு. 2014-இல் உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்றதோடு இம்மரபு ஆதரவிழந்தது. துண்டுகள் மட்டும் தப்பின.

அப்புதல்: பெட்ரோல் டேங்க் கசிந்தால் குளியல் சோப்பு, ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூள். அந்த மஞ்சள்தூளைக் குழம்புக்கு வைத்திருந்த இல்லத்தரசியரின் மறுப்புரைகள் நமக்குக் கிடைத்தில.

சுடுதல்: இரும்பு துருவானால் பருக்கும்; பருத்து மரைகளுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும். கேஸ் வைத்து நட்டை மட்டும் சுட்டால் அது விரியும், பிடி தளரும், துருவும் விரிசல் விடும். நட்டை விட்டுப் போல்ட்டைச் சுட்டவனுக்கு நற்கதி இல்லை. பக்கத்தில் பெட்ரோல் டியூப் போவதைக் கவனியாதவன் புருவமிலி எனப்படுவான்.

அடித்தல்: இதுவே தலையாயது. ஏனைய நான்கும் இதற்குப் பாயிரம்.

அடி மூவகை: தட்டு, அடி, சாத்து. செல்ப் மோட்டாரின் முதுகில் ஸ்பானரால் இரண்டு போடுவது தட்டு. உள்ளே தேய்ந்து சிக்கிய கார்பன் பிரஷ் அசைந்துகொடுக்க, மோட்டார் இன்னும் ஒருமுறை சுற்றும். போல்ட்டின் தலையில் நேராக இறங்குவது அடி. மரையிடுக்கில் துரு பொடியும். சாத்து என்பதற்கு அறிவியல் காரணம் யாதும் இல்லை. வண்டிக்காரர் பக்கத்தில் நின்று ‘இன்னுமா முடியல?’ என்று கேட்கும்போது நிகழ்வது. தலை முறிந்த போல்ட்டின் மேல் வேறொரு நட்டை வைத்து வெல்டிங் அடித்துத் திருகுவது புறனடை.

எத்தனை அடி என்பதில்தான் பெரும்பூசல். ஊறற்பள்ளியார், டீசல் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்தால் அடியே வேண்டாம் என்பர். அடிப்பள்ளியார், அந்த ஓர் இரவு யாருடைய இரவு என்று வினவுவர். இருவருக்கும் மூலநூல் ஒன்றே: ஸ்பேர் பார்ட்ஸ் கடை பில்லின் பின்புறத்தில் பென்சிலால் எழுதப்பட்டது. கிரீஸ் படிந்த பிரதியில் ‘4 போடு’ என்று பாடம். டீ சிந்திய பிரதியில் ‘40 போடு’ என்று பாடம். அந்தச் சைபர் டீ கிளாஸ் வைத்த வட்டம் என்பார் ஒரு சாரார். அத்துணைப் பெரிய சைபர், அடியின் அழுத்தம் கருதி வந்தது என்பார் மற்றொரு சாரார். வட்டத்தை முகர்ந்து, இஞ்சி டீ என்று காலவரையறை செய்தாரும் உளர். மூன்று சாராரும் கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்தார்கள், ஒருவரையொருவர் மேற்கோள் காட்டினார்கள், பதவி உயர்வு பெற்றார்கள். போல்ட் கழலவில்லை.

இனி, அடித்தும் சுட்டும் ஊறவைத்தும் மேலும் மேலும் இறுகும் அரிய வகை ஒன்று உண்டு. சைக்கிளின் இடப்பக்கப் பெடல் அதற்குச் சான்று. சுத்தியலால் ஸ்பானரை எவ்வளவு சாத்தினாலும் அசையாத இதனை, இரும்பின் பிடிவாதம், கால் அழுக்கின் விளைவு, ஊழ் என மூவேறு கோட்பாடுகளால் விளக்கியுள்ளனர். கோட்பாடுகள் வளர்ந்துகொண்டிருந்தபோது பட்டறைப் பையன் ஒருவன் குறுக்கே வந்து, “அண்ணே, இந்தப் பக்கம் ரிவர்ஸ் மரைண்ணே” என்று ஸ்பானரை எதிர்ப்புறம் திருப்ப, பெடல் கையோடு வந்தது.

இக்கண்டுபிடிப்பு இக்கட்டுரையாசிரியரின் பெயரில் விரைவில் நூலாகும். பையனுக்கு நன்றியுரையில் இடமுண்டு. பக்க நெருக்கடி காரணமாகப் பெயர் விடுபடும்.